தென்புறச் சந்து

வைகாசி பதினொன்று. கானாடுகாத்தான்.
உள்ளே முப்பத்தெட்டுப் பங்காளிகள்
டேப்பை இழுத்துப் பிடித்து வீட்டை அளக்கிறார்கள்.
அதில் மூன்று பேர் கிள்ளானிலிருந்து
என் வண்டியில் வந்தவர்கள்.
நாலு மணியாகும் என்றார்கள்.
இப்போது பத்தேகால்.

இன்னாசி தன் கறுப்பு இன்னோவாவை
வடபுறச் சுவரோரம் போட்டுவிட்டான்.
"இங்க வாங்கக்கா, செத்த நேரத்துல
நிழல் திரும்பிரும், எப்பவும் இங்கதான விழுகும்."

எப்பவும் இல்லை, இன்னாசி.
பங்குனி வரைக்கும்.
சித்திரை மூன்றாம் நாள் உச்சியில்
ஜாக்கிக் கம்பியை மண்ணில் குத்தி நிறுத்திப் பார்த்தேன்.
நிழலைக் காணோம்.
கம்பி தன் நிழல்மேலேயே நின்றுகொண்டிருந்தது.
அன்றைக்குத்தான் சூரியன் நம் உச்சி வகிட்டைத் தாண்டி
வடக்கே போனது.
ஆவணி பிறந்து பத்து நாள் கழித்துத்தான் திரும்பும்.
அதுவரை காலை, மதியம், மாலை
மூன்று வேளையும் வெயில் வடக்கிலிருந்து.

நான் தென்புறச் சந்துக்குள் நுழைந்தேன்.
சைடு மிர்ரரை மடக்கி
சுவரை உரசாமல் உரசி.

இருபத்து நாலடிச் சுவர்.
பன்னிரண்டு பத்துக்கு, இருப்பதிலேயே கஞ்ச நேரத்தில்,
தரையில் நாலரை அடி நிழல்.
வண்டிக் கூரை உயரத்தில் இன்னும் கொஞ்சம் குறையும்.
வண்டியோ ஐந்தரை அடி.
மிச்சத்துக்கு ஒரு பழைய எட்டு முழ வேட்டி,
கதவிடுக்கில் நுனியைக் கவ்வவிட்டு
கண்ணாடிக்கு வெளியே.

வெளியே. அதுதான் விஷயம்.
வெளிச்சம் வெளிச்சமாகத்தான் உள்ளே நுழைகிறது.
கண்ணாடி ஒன்றும் கேட்பதில்லை, விட்டுவிடுகிறது.
டேஷ்போர்டைத் தொட்டதும் அது சூடாக வேஷம் மாறும்.
திரும்பி வரும்போது
கண்ணாடிக்கு அதை அடையாளம் தெரியாது.
"யார் நீ?" என்று நிறுத்திவிடும்.
உள்ளே கட்டும் கறுப்புத் திரை
வந்தவனை வீட்டுக்குள் பிடித்துக் கட்டிவைப்பது.
வேட்டி, வாசலிலேயே மறித்துத் திருப்பியனுப்புவது.

எதிர்ச்சுவர் வேறு வெயிலைப் பாதி வாங்கி
பாதியை என் பக்கம் எறிகிறது.
நல்ல வேளை, வெள்ளையடித்துப் பல வருஷம்.

பன்னிரண்டரைக்கு உள்ளே உட்கார்ந்து
தயிர்சாத டப்பாவைத் திறந்தேன்.
ஐந்து நிமிஷத்தில் கண்ணாடி லேசாகப் புழுங்கியது.
அப்புறம்தான் உறைத்தது:
சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள்
எரிகிற நூறு வாட் பல்பு.
வண்டியைக் குளிர வைக்க
நான் இறங்கிவிடுவதுதான் நியாயம்.
மேல்பக்கம் இரண்டு விரல் கண்ணாடி இறக்கிவிட்டு
வெளியே நின்றே சாப்பிட்டேன்.

இரண்டரைக்கு இன்னாசி வந்தான்.
ஸ்டியரிங் பிடித்த கையை உதறிக்கொண்டே.
நிழல் வரவில்லை. வராது.
ஒரு ஜன்னலை இறக்கி, எதிர்க் கதவை
அகப்பைபோல் ஐந்தாறு முறை விசிறினோம்.
அனல் வெளியே வந்தது. அடுத்த நிமிஷம் மறுபடி அனல்.
"போனது வட்டிடா" என்றேன்.
"காற்றில் என்ன பெரிய சூடு இருக்கு?
முதல் அங்கே உட்கார்ந்திருக்கு பாரு:
சீட்டு, டேஷ்போர்டு, பெல்ட்டுக் கொக்கி.
அது தீருற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருக்கும்."

உள்ளே கூச்சல்.
இரண்டாங்கட்டில் யாருக்கோ ஒன்றேகால் அடி
கூடவோ குறையவோ போய்விட்டதாம்.
எனக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான் இடித்தது.
எனக்கு ஒரு வேட்டி போதுமாயிருந்தது.

நாலே முக்காலுக்கு வந்தார்கள், ஒருவரோடொருவர் பேசாமல்.
பின்சீட்டில் பெரியவள் சாய்ந்தாள்,
பெல்ட்டை இழுத்துக் கொக்கியை வெறும் விரலால் அழுத்தினாள்.
விரல் சுடவில்லை.
அவள் அதைக் கவனிக்கவுமில்லை.
"ஏசி போடும்மா" என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன்:
இன்னாசி ஜாக்கிக் கம்பியோடு
ரோட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.
என்னுடையது. திருப்பி வாங்க மறந்துவிட்டேன்.